லினக்ஸில் ஒலி: முப்பதாண்டுப் பாடு



கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேச அழைத்தால் உரிமங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். செலவு மிச்சமாவதைப் பற்றி, தனியுரிமையைப் பற்றிப் பேசுவதும் வழக்கம். இன்று அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: லினக்ஸ் நிறுவிய கணினியிலிருந்து சத்தம் வரவைப்பது. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 1992 முதல் இன்றுவரை பல திறமையான நிரலாளர்களின் உழைப்பை இது விழுங்கியிருக்கிறது. இணையச் சேவையகங்களையும் உலகின் பெரிய மீக்கணினிகளையும் ஓட்டுகிற ஓர் இயங்குதளத்தில், ஒரு பாட்டைப் போட்டால் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்பதற்கு ஏன் இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது?

லினக்ஸ் இன்னும் முதிரவில்லை என்று ஒரு சாரார் பதில் சொல்வார்கள். பயனருக்கு விவரம் போதவில்லை என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஒலி காத்திருக்காது, அதே நேரத்தில் ஒரே ஸ்பீக்கரைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளவும் வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன. போதாததற்கு, கருவியைச் செய்தவர்கள் அதன் உள்விவரத்தை வெளியே சொல்லாமல் விட்டார்கள். முப்பதாண்டுப் பாடு என்று நான் சொல்வது இந்த முடிச்சை அவிழ்த்த பாடுதான்.

காத்திருக்காது என்றேனே, அதை முதலில் பார்ப்போம். கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. இசைக் குறுந்தகட்டில் ஒரு வினாடிக்கு, ஒரு பக்கத்துக்கு, 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட். இடம், வலம் இரண்டும் சேர்ந்து வினாடிக்கு 1,76,400 பைட்டுகள். இன்றைய கணினிக்கு இந்த அளவு ஒரு பாரமே இல்லை; சங்கடம் நேரத்தில் இருக்கிறது. இணையப் பக்கம் அரை வினாடி பிந்தித் திறந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. வீடியோவில் ஒரு ஃபிரேம் விட்டுப்போனால் கண் பொறுத்துக்கொள்ளும். ஒலியில் அடுத்த எண் உரிய கணத்தில் வந்து சேராவிட்டால் காது உடனே பிடித்துவிடும். 'டக்' என்று ஒரு வெடிப்பு, அல்லது கரகரப்பு.

அதனால் நடுவில் ஒரு தேக்கம் வைக்கிறார்கள். பஃபர் என்பது அதற்குப் பெயர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக விழும். தொட்டி பெரிதாக இருந்தால் மின்சாரம் நின்றாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் இப்போது ஏற்றிய தண்ணீர் குழாய்க்கு வந்துசேர நெடுநேரம் ஆகும். தொட்டி சிறிதாக இருந்தால் புதுத் தண்ணீர் உடனே வரும்; மோட்டார் ஒரு கணம் தவறினாலும் குழாய் காய்ந்துவிடும். ஒலியிலும் கணக்கு இதுதான். வினாடிக்கு 48,000 எண்கள் என்ற வேகத்தில் 1,024 எண்களைத் தேக்கிவைத்தால் தாமதம் ஏறக்குறைய 21 மில்லி வினாடி. 64 எண்கள் மட்டும் என்றால் 1.3 மில்லி வினாடி. படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்பவருக்கு இரண்டு வினாடித் தேக்கம் இருந்தாலும் குறையில்லை. மின்விசைப்பலகை வாசிப்பவருக்கு அப்படியில்லை. விரல் விழுந்த பிறகு ஸ்வரம் பிந்தி வந்தால் தாளத்தில் நிற்க முடியாது. இந்த இருவரும் ஒரே கணினியில், ஒரே சவுண்ட் கார்டில் உட்கார வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற வரலாறு முழுவதும் தெளிவாகப் புரியும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது 1991இல். மறு ஆண்டே ஹன்னு சவோலைனன் என்ற பின்லாந்துக்காரர் அதற்கு ஒலி டிரைவர் எழுதினார். சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டைதான் அன்று வீட்டுக் கணினிகளில் பரவியிருந்தது. சவோலைனன் எழுதியதும் அதற்காகத்தான். அது வளர்ந்து ஓப்பன் சவுண்ட் சிஸ்டம், சுருக்கமாக ஓஎஸ்எஸ், ஆயிற்று. அதன் எளிமை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. யூனிக்ஸ் மரபில் கருவியும் ஒரு கோப்புதான். 'டெவ்' என்ற அடைவுக்குள் 'டிஎஸ்பி' என்று ஒரு கோப்பு இருக்கும். ஒலித் தரவை அதற்குள் எழுதினால் ஸ்பீக்கரில் கேட்கும். அதிலிருந்து படித்தால் மைக்கில் பேசியது கிடைக்கும். ஒரு மாணவர் ஒரே மாலையில் புரிந்துகொண்டு நிரல் எழுதிவிடலாம்.

ஆனால் அந்தக் கோப்பை ஒரு நிரல் திறந்துவிட்டால் மற்ற நிரல்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். பாட்டு ஓடும்போது விளையாட்டில் சத்தம் வராது. அன்று அது பெரிய குறையாகத் தெரியவில்லை. விலை உயர்ந்த அட்டைகளில் பல நிரல்களின் ஒலியைக் கலக்கும் வேலையைச் சில்லே செய்தது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையில் இருந்த ஈமு சில்லு பல ஒலிகளை ஒரே நேரத்தில் வாங்கித் தானே கலந்து தரும். 1997இல் இன்டெல் ஏசி 97 என்ற தரத்தை வகுத்தது. அதன்பின் தாய்ப்பலகையிலேயே மலிவான ஒலிச் சில்லு வந்து உட்கார்ந்தது. மலிவு எங்கிருந்து வந்தது? கலக்கும் வேலையைச் சில்லிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். விண்டோஸ் 98 தன் உள்ளேயே ஒரு மென்பொருள் கலப்பானைக் கொண்டுவந்தது. லினக்ஸில் அந்தப் பொறுப்பை ஏற்க யாரும் நியமிக்கப்படவில்லை. பின்னால் வந்த பத்தாண்டுக் குழப்பத்துக்கு இந்த வெற்றிடமே வேர் என்று நான் கருதுகிறேன்.

இதே காலத்தில் செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற அட்டைக்கு நல்ல டிரைவர் எழுதப் புகுந்தார். இருந்த டிரைவர் அந்த அட்டையின் திறமையை முழுதாகப் பயன்படுத்தவில்லை. அந்த வேலை பெருகி ஆல்சா ஆயிற்று. 2002இல் லினக்ஸின் மையமான கர்னலின் வளர்நிலைப் பதிப்புக்குள் ஏறி, 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலோடு லினக்ஸின் அதிகாரபூர்வ ஒலி அமைப்பாக அமர்ந்தது. நீங்கள் இன்று எந்த லினக்ஸை நிறுவினாலும் அடித்தளத்தில் இருப்பது ஆல்சாதான்.

ஆல்சா கருவியின் உள்ளமைப்பை மறைக்காமல் காட்டியது. ஒரு சில்லில் எத்தனை கட்டுப்பாடுகள் உண்டோ அத்தனையும் ஆல்சாமிக்சர் என்ற திரையில் வரிசையாக நிற்கும். மாஸ்டர், பிசிஎம், ஹெட்போன், ஸ்பீக்கர், சென்டர், எல்எஃப்இ என்று நீளும். இவற்றில் எந்த ஒன்று மூடியிருந்தாலும் ஒலி வராது. அதோடு ஆல்சா டிரைவர் முதன்முதலாக ஏறும்போது எல்லாவற்றையும் ம்யூட்டில் வைத்தே தொடங்கியது. திடீரென்று முழு வால்யூமில் கத்திக் காதையும் ஸ்பீக்கரையும் கெடுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் புதிதாக லினக்ஸ் நிறுவியவருக்கு முதலில் கிடைத்தது நிசப்தம். கட்டத்தின் அடியில் இரண்டு எம் எழுத்துகள் தெரிந்தால் ம்யூட் என்று பொருள், எம் விசையைத் தட்டினால் திறக்கும் என்ற ஒரு செய்தி தெரியாமல் எத்தனை பேர் திரும்ப விண்டோஸுக்குப் போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பகிர்வதற்கு என்ன வழி? மேசைத்தளங்கள் தங்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டன. கேடிஇ பக்கம் ஆர்ட்ஸ் என்ற ஒலிச் சேவையகம், க்னோம் பக்கம் ஈசவுண்ட். ஒவ்வொன்றும் கருவியைத் தானே பிடித்துக்கொண்டு, 'என் வழியாக வாருங்கள், நான் கலந்து தருகிறேன்' என்றது. இரண்டையும் அறியாத மூன்றாவது நிரல் நேரே கருவியைக் கேட்டால் கதவு அடைத்திருக்கும். ஆல்சாவிலேயே டிமிக்ஸ் என்ற கலப்பு ஏற்பாடு பிற்பாடு வந்தது. அது உதவியது, ஆனால் சொந்தமாக அமைப்புக் கோப்பு எழுதத் துணிந்தவர்களுக்குத்தான் முதலில் உதவியது.

இசைக்காரர்களுக்கு இந்தச் சண்டையில் அக்கறையே இல்லை. அவர்களுக்கு வேண்டியது தாமதமின்மை. அமேசான் நிறுவனத்தின் தொடக்கக்கால நிரலாளர்களில் ஒருவரான பால் டேவிஸ் அங்கிருந்து விலகிய பின் ஆர்டர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை எழுதினார். அதற்குத் துணையாக ஜாக் என்ற அமைப்பையும் உருவாக்கினார். ஜாக்கில் எல்லா நிரல்களும் ஒரே துடிப்பில் ஓடும். கருவி 'அடுத்த 64 எண்கள் வேண்டும்' என்று கேட்கும்போது சங்கிலியில் உள்ள ஒவ்வொரு நிரலும் வரிசைப்படி தன் பங்கைக் கொடுத்து முடித்துவிட வேண்டும். பிந்துபவருக்காக யாரும் நிற்பதில்லை. கித்தாரின் ஒலியை ஒரு நிரலிலிருந்து எடுத்து எதிரொலி சேர்க்கும் இன்னொரு நிரலுக்குள் செலுத்தி, அங்கிருந்து பதிவு நிரலுக்கு அனுப்பலாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் கேபிள் மாட்டுவதுபோல் எல்லாவற்றையும் திரையில் இணைக்கலாம். இன்றும் கட்டற்ற உலகில் பிறந்த மிக அழகான வடிவமைப்புகளில் ஒன்றாக நான் ஜாக்கைச் சொல்வேன். ஆனால் ஜாக் கருவியை முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். பதிவு செய்துகொண்டே உலாவியில் ஒரு வீடியோ பார்க்க நினைத்தால் அது ஊமைப்படம்தான். அதனால் ஒரே கணினியில் இரண்டு உலகங்கள் உண்டாயின: வீட்டுப் பயனரின் உலகம், இசைக்காரரின் உலகம்.

வீட்டுப் பயனரின் உலகத்துக்கு ஒழுங்கு கொண்டுவர வந்தது பல்ஸ் ஆடியோ. ஜெர்மானிய நிரலாளர் லெனார்ட் பொட்டரிங் 2004இல் வேறொரு பெயரில் தொடங்கினார்; 2006இல் இந்தப் பெயர் வந்தது. 2007 நவம்பரில் ஃபெடோரா 8 என்ற லினக்ஸ் விநியோகம் இதைத் தன் இயல்பு ஒலி அமைப்பாக்கியது. 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 பின்தொடர்ந்தது. உடனே கூக்குரல் எழுந்தது. ஒலி விட்டுவிட்டு வருகிறது, கணினி சூடாகிறது, விளையாட்டில் சத்தம் பிந்துகிறது, ஸ்கைப்பில் பேச முடியவில்லை. 'பல்ஸ் ஆடியோவை நீக்கு, எல்லாம் சரியாகிவிடும்' என்பது பல ஆண்டுகளுக்கு ஒரு மந்திரம்போல் ஓதப்பட்டது.

அது முழு நியாயமான குற்றச்சாட்டு இல்லை என்று இந்த மேடையில் சொல்ல விரும்புகிறேன். முதிராத நிலையில் விநியோகங்கள் அதை அவசரப்பட்டு ஏற்றின என்பது உண்மை. நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றில் அப்படிச் செய்திருக்கக் கூடாது. ஆனால் பல்ஸ் ஆடியோ செய்ய முயன்றதைப் பாருங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் தனி வால்யூம். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை ஸ்பீக்கரிலிருந்து ஹெட்போனுக்கு, நிறுத்தாமல் நகர்த்துவது. மின்கலம் நீடிக்க வேண்டும் என்பதற்காகப் பெரிய பஃபரில் ஒலியை நிரப்பிவிட்டுச் செயலியைத் தூங்கவிடுவது. நடுவில் புதிய ஒலி வந்தால் பஃபரில் பின்னோக்கிப் போய்த் திருத்தி எழுதுவது. இந்தக் கடைசி நுட்பத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. பஃபரில் இப்போது எந்த இடம் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்று டிரைவர் சரியாகச் சொல்ல வேண்டும். அதுவரை யாரும் அதை அவ்வளவு துல்லியமாகக் கேட்டதில்லை. பல டிரைவர்கள் தப்பான இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. பிழை டிரைவரில் இருந்தது. பழி பல்ஸ் ஆடியோ மேல் விழுந்தது. அந்தக் கூச்சலின் அழுத்தத்தில்தான் டிரைவர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. இன்று நாம் அனுபவிக்கும் சீரான ஒலிக்கு அடித்தளம் போட்டது அந்த வசைபட்ட காலம்.

பிழை ஓரிடத்தில் இருக்க, சத்தம் வேறிடத்தில் கெடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2010 இறுதியில் ஃபெடோரா 14 வந்தபோது, உலாவியில் ஃபிளாஷ் என்ற செருகுநிரல் வழியாகப் பாட்டுக் கேட்டவர்களுக்கு விசித்திரமான இரைச்சல் கேட்டது. ஒலி டிரைவரில் ஒரு மாற்றமும் இல்லை. பல்ஸ் ஆடியோவிலும் குற்றமில்லை. சி மொழியின் அடிப்படை நூலகத்தில் நினைவகத்தைப் பிரதியெடுக்கும் சார்பை வேகப்படுத்தியிருந்தார்கள். சில செயலிகளில் அது பின்னாலிருந்து முன்னோக்கிப் பிரதியெடுக்கத் தொடங்கியிருந்தது. மூலப் பகுதியும் சேர்விடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது அந்தச் சார்பின் விதி. ஃபிளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. முன்னாலிருந்து பிரதியெடுத்த காலம்வரை அந்த மீறல் வெளியே தெரியவில்லை. டோர்வால்ட்ஸே இறங்கி இதைத் துருவினார். விதியை மீறியது ஃபிளாஷ்தான் என்றாலும், பயனரின் கணினியில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நூலகம் உடைத்திருக்கக் கூடாது என்று அவர் வாதாடினார். ஃபிளாஷின் மூல நிரல் மூடியிருந்ததால் வெளியிலிருந்து யாரும் அதைத் திருத்த முடியவில்லை. நான் அந்த வாதத்தில் டோர்வால்ட்ஸ் பக்கம்.

இப்போது மூன்றாவது இழைக்கு வருகிறேன்: சொல்லப்படாத விவரம். 2004இல் இன்டெல் எச்டி ஆடியோ என்ற தரத்தை வெளியிட்டது. தரம் வெளிப்படையானது, யாரும் படிக்கலாம். சில்லில் பல கால்கள் உண்டு. இந்தக் கால் ஹெட்போன், அந்தக் கால் உள் ஸ்பீக்கர், இன்னொன்று மைக் என்று தாய்ப்பலகை செய்தவர், கணினி எழும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸில் எழுதிவைக்க வேண்டும். இயங்குதளம் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும். ஏட்டில் அருமையான ஏற்பாடு. நடைமுறையில் பல மடிக்கணினிகளில் பயாஸில் தப்பான தகவல் இருந்தது, அல்லது ஒன்றுமே இல்லை. சரியான தகவலைத் தயாரிப்பாளர் விண்டோஸ் டிரைவரோடு தனியாகக் கொடுத்துவிடுவார். விண்டோஸில் ஒலி வந்தால் கணினி கடைக்குப் போய்விடும். லினக்ஸில் ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும், அல்லது ஹெட்போன் செருகினாலும் ஸ்பீக்கர் நிற்காது.

இதற்குக் கர்னல் நிரலாளர்கள் கண்ட தீர்வு, பொறுமை. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வரி. இந்த அடையாள எண் கொண்ட மடிக்கணினி என்றால் இந்தக் காலை ஸ்பீக்கர் என்று கொள், இந்தப் பெருக்கியை எழுப்பு என்று எழுதினார்கள். ரியல்டெக் சில்லுகளுக்கான டிரைவர் கோப்பு மட்டும் இப்படியே வளர்ந்து பத்தாயிரம் வரிகளைத் தாண்டியது. சூசே நிறுவனத்தின் தகாஷி இவாய் பல ஆண்டுகளாக இந்த வரிகளை வாங்கிச் சரிபார்த்துச் சேர்த்துவருகிறார். விண்டோஸை ஒருமுறை ஏற்றிவிட்டு, அணைக்காமல் அப்படியே மறுதொடக்கம் செய்து லினக்ஸுக்கு வந்தால் மட்டும் ஒலி வருகிறது என்று சிலர் சொல்வார்கள். பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். மிக நல்ல தடயம் அது. விண்டோஸ் டிரைவர் சில்லுக்கு ஏதோ ஓர் ஆணையைக் கொடுத்து எழுப்பியிருக்கிறது, லினக்ஸுக்கு அந்த ஆணை தெரியவில்லை என்பது அதன் பொருள். அண்மை ஆண்டுகளில் ஸ்பீக்கருக்கு முன்னால் தனிப் பெருக்கிச் சில்லை வைக்கிறார்கள். அதைப் பற்றிய தகவலைப் பயாஸில் எழுத மறந்துவிடுகிறார்கள். கதை மாறவில்லை.

ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்குகளில் லினக்ஸ் கொண்டுவந்த அசாஹி குழு இதே சிக்கலின் இன்னொரு முனையைச் சந்தித்தது. அங்கே ஒலி வரவைப்பது எளிது, அதுதான் ஆபத்து. அந்தச் சின்ன ஸ்பீக்கர்களை எரித்துவிடும் அளவுக்குப் பெருக்கிக்கு வலு உண்டு. மேக் இயங்குதளம் ஸ்பீக்கர்ச் சுருளின் வெப்பத்தைக் கணக்கிட்டுக்கொண்டே ஒலியைக் கட்டுப்படுத்துகிறது. அசாஹி குழுவும் அப்படியொரு காவல் நிரலை எழுதி, அது ஓடாவிட்டால் கர்னல் வால்யூமைத் தாழ்த்திவிடும்படி அமைத்த பிறகே ஸ்பீக்கரைத் திறந்துவிட்டது. அவ்வளவு காலம் பயனர்கள் கேட்டும் கொடுக்காமல் இருந்த அந்த உறுதியை நான் மதிக்கிறேன்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஒலி வராவிட்டால் என்ன, ஒரு ஹெட்போனை யூஎஸ்பியில் செருகிக்கொண்டு போகலாமே. பார்வையுள்ளவர் போகலாம். பார்வையற்ற ஒருவருக்கு ஒலிதான் திரை. 1995இல், புனேயில் பிறந்த பார்வையற்ற கணினியியலாளர் டி. வி. ராமன் ஈமாக்ஸ்பீக் என்ற பேசும் மேசைத்தளத்தை வெளியிட்டபோது, பேச்சை உண்டாக்கியது கேபிளில் இணைத்த ஒரு தனிக் கருவி. சவுண்ட் கார்டு கெட்டாலும் அது பேசும். பிற்பாடு ஈஸ்பீக் போன்ற மென்பொருள் பேச்சு வந்தது. தமிழும் அதில் உண்டு. விலையுயர்ந்த கருவி தேவையில்லாமல் போனது பெரிய விடுதலை. ஆனால் அன்று முதல் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைப்படிப்பான் முழுக்க முழுக்கச் சவுண்ட் கார்டை நம்ப வேண்டியதாயிற்று. மேலே சொன்ன ஒவ்வொரு பிழையும் அவர்களுக்குத் திரை அணைவதற்குச் சமம். பல்ஸ் ஆடியோ ஒவ்வொரு பயனரின் அமர்வுக்குள்ளும் தனியாக ஓடியது. கன்சோலில் பேசும் நிரலோ உள்நுழைவதற்கு முன்பே ஓட வேண்டியது. இருவரும் ஒரே அட்டைக்குப் போட்டியிட்டு, ஒருவர் பேசினால் மற்றவர் ஊமையாகும் நிலை பல காலம் நீடித்தது. இதைப் பற்றிய விவாதங்களில் பார்வையற்ற பயனர்களின் குரலுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

டெபியன் என்ற விநியோகம் இதில் ஒரு நல்ல முன்மாதிரி. அதன் நிறுவியில் தொடக்கத்திலேயே எஸ் விசையைத் தட்டினால் நிறுவி பேச ஆரம்பிக்கும். கணினியில் பல ஒலி அட்டைகள் இருந்தால் எதில் பேசுவது? ஒவ்வொன்றிலும் மாறி மாறிப் பேசி, கேட்கிறதென்றால் என்டர் தட்டச் சொல்லும். எவ்வளவு எளிய, எவ்வளவு கருணையுள்ள தீர்வு! ஆனால் புதிய மடிக்கணினிகளில் இன்டெல் சில்லுக்குள் ஒலிக்கென்று தனிச் செயலி வந்தது. அதற்குள் ஃபர்ம்வேர் என்ற உள்நிரலை ஏற்றினால்தான் ஒலி வரும். சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற பெயரில் 2018இல் திறமூலமாகவே தொடங்கப்பட்டது அது. ஆனால் பெரும்பாலான கணினிகளில் இன்டெலின் கையொப்பம் இட்ட பதிப்பை மட்டுமே சில்லு ஏற்கும். அதனால் அது டெபியனின் கட்டற்ற பகுதிக்குள் இடம்பெற முடியாமல், நிறுவித் தட்டில் இல்லாமல் போயிற்று. பேசும் நிறுவி பேசவில்லை.

2022இல் டெபியன் உறுப்பினர்கள் இதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். வைஃபை, வரைகலை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. பார்வையற்றோருக்கான ஒலியும் அவற்றில் ஒன்று. கருவிக்குத் தேவையான ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. அதற்காகத் தங்கள் சமூக ஒப்பந்தத்தின் வாசகத்தையே திருத்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படியே வெளியானது. கொள்கையில் சமரசம் என்று வருந்தியவர்கள் உண்டு. அவர்களுடைய கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒரு பார்வையற்ற மாணவி இன்னொருவர் உதவியின்றித் தன் கணினியில் கட்டற்ற இயங்குதளத்தைத் தானே நிறுவிக்கொள்ள முடிகிறது என்பது எனக்கு அந்த வாசகத் திருத்தத்தைவிடப் பெரியது.

லினக்ஸுக்கு வெளியே உள்ள பிஎஸ்டி இயங்குதளக் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஃபிரீபிஎஸ்டி பழைய ஓஎஸ்எஸ் இடைமுகத்தைக் கைவிடவே இல்லை. கலக்கும் வேலையைக் கர்னலுக்குள்ளேயே வைத்துவிட்டது. அந்த வேலை கர்னலுக்கு உரியதன்று என்று லினக்ஸ் தரப்பு கருதியது. ஓப்பன்பிஎஸ்டியில் அலெக்சாண்டர் ரட்சோவ் எழுதிய எஸ்என்டியோ என்ற சிறிய சேவையகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அங்கே மைக் இயல்பாக நிசப்தத்தை மட்டுமே பதிவு செய்யும். பயனர் தானே திறந்தால்தான் குரல் பதிவாகும். எந்த இயங்குதளமும் பின்பற்றத் தக்க ஏற்பாடு.

லினக்ஸுக்கு முடிவான தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஜிஸ்ட்ரீமர் என்ற பல்லூடகக் கட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான விம் டேமன்ஸ், ரெட் ஹாட்டில் இருந்தபடி, கேமராவையும் திரைக்காட்சியையும் பல நிரல்கள் பாதுகாப்பாகப் பகிர ஒரு வழி தேடினார். வீடியோவைப் பகிரத் தெரிந்தால் ஒலியையும் பகிரலாமே என்று வேலை விரிந்தது. அதுதான் பைப்வயர். 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34 இதை இயல்பாக்கியது. 2022இல் உபுண்டு 22.10, 2023 நவம்பரில் 1.0 பதிப்பு.

பைப்வயரின் சிறப்பாக நான் கருதுவது இரண்டு. பஃபரின் அளவை அது நிலையாக வைப்பதில்லை. பாட்டு மட்டும் ஓடினால் பெரிய அளவு; இசைக்காரரின் நிரல் வந்து சிறிய அளவு கேட்டால் அந்தக் கணமே சுருங்கும்; அது போனதும் மீண்டும் விரியும். காத்திருக்காமை, பகிர்வு என்ற இரண்டு தேவைகளையும் ஒரே இடத்தில் அமர்த்திய வித்தை இதுதான். மற்றது, பழையவர்களை அது வெளியேற்றவில்லை. பல்ஸ் ஆடியோவுக்கென்று எழுதிய நிரல் பைப்வயரைப் பல்ஸ் ஆடியோ என்றே நினைக்கும். ஜாக்கிற்கு எழுதியது ஜாக் என்று நினைக்கும். ஆல்சாவுக்கு எழுதியதும் அப்படியே. உலாவியிலிருந்து வரும் ஒலியை இழுத்து ஆர்டருக்குள் பதிவு செய்யலாம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இது நடக்கும் என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். யாரையும் நிரலைத் திருத்தி எழுதச் சொல்லாமல் நடந்தேறிய மாற்றம் என்பதால்தான் பல்ஸ் ஆடியோ காலத்துக் கூக்குரல் இம்முறை எழவில்லை.

இனி உங்கள் கணினியில் சத்தம் வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது? இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டாதீர்கள்; கீழிருந்து மேலாகப் போங்கள். 'ஏபிளே' என்ற கட்டளையோடு கழித்தல் குறியும் எல் எழுத்தும் சேர்த்துத் தட்டினால் கர்னல் கண்டுகொண்ட அட்டைகளின் பட்டியல் வரும். பட்டியல் காலியாக இருந்தால் மேலே உள்ள எந்த அமைப்பிலும் கை வைக்க வேண்டாம். பெரும்பாலும் ஃபர்ம்வேர் விடுபட்டிருக்கும், கர்னல் செய்திகளில் அதன் பெயர் இருக்கும். அட்டை இருந்தால் ஆல்சாமிக்சரைத் திறந்து எஃப்6 விசையால் சரியான அட்டையைத் தேர்ந்து இரட்டை எம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் சரியென்றால் ஒலி வேறு வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். எச்டிஎம்ஐ வழியாக ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் பாட்டு போய்க்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். பாவுகண்ட்ரோல் என்ற நிரலின் உள்ளமைவுப் பக்கத்தில் மாற்றிவிடலாம். ப்ளூடூத் ஹெட்செட்டில் பேச ஆரம்பித்ததும் பாட்டின் தரம் தாழ்ந்தால் அது லினக்ஸின் பிழையன்று. பாட்டுக்கு ஒரு முறை, மைக்கோடு பேசுவதற்கு வேறு முறை என்று ப்ளூடூத் தரமே அப்படி அமைந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஸ்பீக்கர் ஊமை என்றால், உங்கள் மாடலுக்கு அந்த ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆல்சா இன்ஃபோ என்ற சிறிய ஸ்கிரிப்ட் உண்டு. அதை ஓட்டினால் உங்கள் சில்லின் அடையாளம், கால்களின் நிலை, பயாஸ் சொன்ன தகவல் அனைத்தையும் ஒரு கோப்பில் திரட்டித் தரும். அதைக் கர்னலின் ஒலிப் பிரிவுக்கு, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்ற தெளிவான குறிப்போடு அனுப்புங்கள். ஹெட்போனில் வருகிறதா, ஸ்பீக்கரில் மட்டும் இல்லையா, விண்டோஸுக்குப் பிறகு வருகிறதா என்பதையெல்லாம் எழுதுங்கள். அங்கிருப்பவர்கள் ஒரு சோதனை வரியைத் தருவார்கள். ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியது நீங்கள். சரியாகிவிட்டால் அந்த வரி அடுத்த கர்னலில் ஏறும். பிறகு அதே மாடலை வாங்கும் எவருக்கும் முதல் நாளே ஒலி வரும்.

மடிக்கணினியோடு வந்திருப்பவர்கள், அதிலும் ஸ்பீக்கர் பேசாத மடிக்கணினியோடு வந்திருப்பவர்கள், கேள்விநேரம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாக அந்த ஸ்கிரிப்டை ஓட்டி, அறிக்கையை இங்கேயே எழுதி அனுப்பிவிடுவோம். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.